நாற்பத்தோராவது முத்திரை

தேதி முத்திரை சாய்ந்து விழுந்தால் கண்மணி புத்தகத்தை வாங்கிக்கொள்ள மாட்டாள். பிளசன்டனில் அவள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில், கவுன்டரில் இருக்கும் பெண் அவசரமாக ஒரு குத்துக் குத்திப் புத்தகத்தை நீட்டுவாள். கண்மணி முத்திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை அவள் பக்கமே தள்ளுவாள். "ஒன் மோர் டைம் ப்ளீஸ். கார்னர் நாட் கமிங்." அந்தப் பெண்ணுக்கு இது பழகிப்போய்விட்டது. இப்போதெல்லாம் கண்மணியின் தலை வாசலில் தெரிந்ததுமே மைப்பெட்டியைத் திறந்து, இரண்டு தரம் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குத்துகிறாள். கண்மணி தலையாட்டினால்தான் மூச்சு விடுகிறாள்.

வங்கிச் சீட்டு, பள்ளிக்கூடத்துத் திருவிழாவில் கைமேல் வைக்கும் நட்சத்திரம், மளிகைக் கடை ரசீதில் அடிக்கும் "பெய்டு", எதுவாயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. முத்திரை குத்துவது எப்படி என்று யாரும் கேட்காமலேயே சொல்லிக் கொடுப்பாள். "மொதல்ல நடுவுல குத்தோணுங்க. அப்பறம் நாலு மூலையும் அமுத்தோணும். எடுக்கறப்ப நேரா மேல தூக்கோணும், இழுக்கப்படாது. இழுத்தா மீசை வந்துரும்." மை இழுபட்டு ஓரத்தில் விழும் கோட்டுக்கு அவள் வைத்த பெயர்தான் மீசை.

இது பொழுதுபோகாதவளின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். கோபிசெட்டிபாளையம் தபால் ஆபீசில் ஆறு வருடம் முத்திரை குத்திய கை அது. பரீட்சை எழுதி, தேறி, தன் பெயருக்கு வந்த உத்தரவோடு போய் உட்கார்ந்த நாற்காலி. ஒரு கை மைப்பெட்டிக்கும் தபால்தலைக்கும் போய்வர, மறு கை கடிதத்தை நகர்த்த, பக்கத்து மேசைக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே மணி பதினொன்று ஆகிவிட்டதா என்று சொல்வார்களாம். 1992-இல் சுப்பையனைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா வந்தாள். அவன் சிப் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அவனுக்கு வேலை பார்க்க விசா, அவளுக்கு அவன் மனைவியாக இருக்க விசா. அந்த விசாவில் சமைக்கலாம், கார் ஓட்டலாம், நூலகத்துக்குப் போகலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. கிரீன் கார்டு வரும் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இரு என்றார்கள். ஏழு வருடம் கட்டிக்கொண்டிருந்தாள்.

துணிமணி அலமாரியின் இழுப்பறையில் ஒரு பாரம் வைத்திருந்தாள். அமெரிக்கத் தபால் இலாகாவில் சேர்வதற்கான விண்ணப்பம். பெயர், முகவரி, படிப்பு, முன் அனுபவம் எல்லாம் முத்து முத்தாக நிரப்பியாகிவிட்டது. நிரந்தரமாகத் தங்க அனுமதி உண்டா என்று கேட்கும் கட்டம் ஒன்று மட்டும் காலி. மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, அந்தக் கட்டத்தைப் பெருவிரலால் தடவிவிட்டு, திரும்ப மடித்து வைப்பாள். பாரத்தின் மடிப்பு கிழிய ஆரம்பித்ததும் புதுப் பாரம் வாங்கிவந்து மறுபடி நிரப்பினாள்.

அந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அவர்கள் கோல்டன் கேட் பாலம் பார்க்க வந்திருப்பார்கள். கண்மணி அவர்களுக்கு முதலில் ஜப்பானியக் கோட்டை ஒன்றைக் காட்டாமல் விட மாட்டாள். கோட்டை மட்சுமொட்டோ என்ற ஊரில் இருக்கிறது. அதனால் என்ன, பிளசன்டன் டவுன்ஹவுசில் மாடிப்படி இருக்கிறதே, போதும்.

ஹூஸ்டனிலிருந்து அவள் சிநேகிதி சாந்தி குடும்பத்தோடு வந்திருந்தபோது நடந்தது இது. வாசலிலேயே ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். "செருப்பக் கழட்டி இதுக்குள்ள போட்டுக் கையிலயே வெச்சுக்கங்க. அங்க அப்புடித்தான். டோக்கன் கெடையாது. நான் கூட மொத நாள் டோக்கனுக்குக் கைய நீட்டிட்டே நின்னேன், வாசல்ல நின்ன அம்மா பாவம் கை குலுக்கீட்டுப் போயிருச்சு." சாந்தியின் கணவர் ஆறடி உயரம், சாக்ஸ் காலோடு, பையில் ஷூவோடு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் மாடிப்படி ஏறினார்.

"குனிஞ்சு வாங்க, தல இடிக்கும்" என்றாள் கண்மணி. இடிக்க அங்கே எதுவும் இல்லை. அவர் குனிந்தார். "இந்தப் படி என்ன படிங்க, அங்க அறுபத்தியோரு டிகிரி. ஏறறதா தொங்கறதான்னே தெரியாது. வெளிய இருந்து பாத்தா அஞ்சு அடுக்கு, உள்ள போனா ஆறு. ஒண்ண ஒளிச்சு வெச்சிருக்காங்க, சன்னலே இல்லாம. சண்டைன்னா படையெல்லாம் அதுக்குள்ள." இதைச் சொல்லிக்கொண்டே படிக்கட்டின் அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு வாக்குவம் கிளீனரும் இருபது பவுண்டு அரிசி மூட்டையும் படை போல நின்றன.

பால்கனிதான் நிலா பார்க்கும் அறை. "சண்டையெல்லாம் ஓஞ்சப்பறம் நெலாவப் பாக்கறதுக்குன்னே ஒரு ரூமு கட்டியிருக்காங்க பாருங்க." மாடியில் கூரையை அண்ணாந்து காட்டுவாள். "கோட்டை உச்சில கூரைக்கட்டை மேல ஒரு அம்மன் உக்காந்திருக்குதுங்க. மாசாமாசம் இருவத்தாறாம் நாளு சோறாக்கிப் படைச்சா கோட்டை தீப்பிடிக்காதுன்னு வாக்குக் குடுத்திருக்குதாமா." பிறகு சுவரில் பொருத்தியிருக்கும் புகை அலாரத்தைத் தொட்டு, "நம்மூட்டுக்கு இதுதானுங் அம்மன். மாசாமாசம் பேட்டரி பாக்கோணும்" என்பாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்த கதை கடைசியில் வரும். அந்த ஊரில் வரி தாங்காமல் குடியானவர்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கேட்ட ஒருவனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனார்களாம். அவன் சாகும் முன் கோட்டையைப் பார்த்து ஒரு முறை முறைத்தானாம். கோட்டை சாய்ந்துவிட்டதாம். "அப்பறம் நிமித்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிப்போச்சாமா. முறைக்கறதுன்னா அப்புடி முறைக்கோணும்" என்று முடிப்பாள். அதற்குள் பாலம் பார்க்கப் போகும் நேரம் போயிருக்கும்.

இவ்வளவும் அவள் நேரில் பார்த்ததுதான். 1996 அக்டோபரில் சுப்பையனின் கம்பெனி அவனை மட்சுமொட்டோவுக்குப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு இரண்டு வாரம் அனுப்பியது. கண்மணியும் கூடப் போனாள். முதல் நாள் காலை அவன் கிளம்பும்போது இரண்டு கட்டளை போட்டான். "ரூம விட்டு எங்கயும் போகாத. பாஸ்போர்ட்ட எப்பவும் கைலயே வெச்சுக்க." இதில் முதல் கட்டளையை அவள் ஒன்பது மணிக்கு மீறினாள். இரண்டாவதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். பின்னால் வந்த வினையெல்லாம் மீறியதால் வரவில்லை, காப்பாற்றியதால் வந்தது.

பத்து நாள் அந்த ஊரைத் தன்னந்தனியாகச் சுற்றினாள். காக்கை நிறத்துக் கோட்டை, அகழியில் அன்னம், தலைக்கு மேலே மலை. தெரு முழுக்கத் தவளை பொம்மை வைத்த ஆற்றோரக் கடைவீதி. நூறு வருடத்துக்கு முந்திய பள்ளிக்கூடம், அதன் நெற்றியில் இறக்கை முளைத்த இரண்டு குழந்தைகள். ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒரு பெண்குரல் ஊர்ப்பெயரை ராகம் போட்டு இழுக்கும். கண்மணி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்பாள். வழி தவறினாள், தானே கண்டுபிடித்தாள். ஊரில் ஒருத்தருக்கும் சுப்பையனைத் தெரியாது. அது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை அவள் சுப்பையனிடம் சொன்னதில்லை.

நாலாவது நாள்தான் அது நடந்தது. அங்கே பார்க்கத்தக்க இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மேசை இருக்கும், மேசைமேல் ஒரு முத்திரையும் மைப்பெட்டியும். வந்தவர்கள் ஞாபகத்துக்குத் தங்கள் நோட்டில் குத்திக்கொண்டு போகலாம். அன்று கோட்டை மேசையில் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது பிள்ளை குத்தியது பாதிக் கோட்டை. நாலாவது பிள்ளை இழுத்தது, மீசை. ஐந்தாவது தலைகீழ். கண்மணி ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஆறாவது பிள்ளை முத்திரையைத் தொடுவதற்குள் அவள் மேசைக்குப் பின்னால் போய்விட்டாள்.

நோட்டை வாங்கினாள், விரித்தாள், குத்தினாள், நாலு மூலையும் அமுத்தினாள், தூக்கினாள். அடுத்தது. பத்தாவது நோட்டுக்குள் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. டப், டொப். டப், டொப். பிள்ளைகள் கூச்சல் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏற்கனவே குத்திக்கொண்ட முதல் ஐந்தும் திரும்ப வரிசையில் வந்து நின்றன. வாத்தியார் நாலு தரம் குனிந்து வணங்கினார். கோபியைவிட்டு வந்து நாலு வருடத்தில் கை இவ்வளவு வேலை செய்தது அன்றுதான். கண் கலங்கிவிட்டது, ஆனாலும் ஒரு முத்திரை கூட சாயவில்லை.

நாற்பதும் முடிந்தது. பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் அம்மாள் ஒருத்தி வந்து ஒரு மிட்டாயும், மை ஒட்டாமல் இருக்க இடையில் வைக்கும் மெல்லிய தாள் ஒன்றும் கொடுத்தாள். பிறகு கையை ஏந்தி, உன் நோட்டு எங்கே என்று ஜாடை காட்டினாள். கண்மணி கைப்பையைத் திறந்தாள். உள்ளே தயிர்சாத டப்பா, கைக்குட்டை, பாஸ்போர்ட். மூன்றில் தாள் இருப்பது ஒன்றில்தான். முத்திரை என்றால் பாஸ்போர்ட்டில்தானே குத்துவார்கள், அதுதானே அதன் இடம் என்று அந்த நிமிடத்தில் அவளுக்குத் தோன்றியது. காலிப் பக்கம் ஒன்றை விரித்து, நடுவில் குத்தி, நாலு மூலையும் அமுத்தி, நேராகத் தூக்கினாள். கரேலென்று ஆறு அடுக்குக் கோட்டை, வெளியே ஐந்தாகத் தெரிந்தது. தாளை மேலே வைத்து மூடினாள்.

சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. சுப்பையனிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டதற்கு, "நீங்க கேக்கலீங்களே" என்றாள்.

அவன் கேட்டது 1999 பிப்ரவரியில். கிரீன் கார்டு நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. கம்பெனி வழியாக விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் நேர்காணல் வருவதில்லை. இவர்களுக்கு வந்துவிட்டது. சுப்பையன் எதையும் பதினாலு வண்ண அட்டை சொருகி அடுக்குகிற மனிதன். பாஸ்போர்ட்டுகளின் எல்லாப் பக்கத்தையும் நகலெடுக்க உட்கார்ந்தான். அவனுடையது முடிந்தது. அவளுடையதில் பதினேழாம் பக்கத்தில் ஒரு மெல்லிய தாள் நழுவி விழுந்தது.

"இது எந்த நாட்டு விசா?"

"விசா இல்லீங். கோட்டைங்."

"கோட்டை எப்படி பாஸ்போர்ட்டுக்குள்ள வந்துச்சு?"

"நான்தானுங் குத்துனேன்."

சுப்பையன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். ஏழு வருடம் கால் கடுக்க வரிசையில் நின்று, கடைசியில் கதவு திறக்கிற நேரத்தில், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டதே என்று புலம்பினான். அரசாங்கப் பத்திரத்தில் போலி முத்திரை என்று சொன்னால் என்ன ஆகும்? மனு தள்ளுபடி ஆனால் ரெண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கண்மணிக்கு இழுப்பறையில் இருக்கும் பாரம் ஞாபகம் வந்தது. அந்த ஒரு கட்டம். அதையும் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தாள்.

சனிக்கிழமை வாஞ்சிநாதனை அழைத்தார்கள். சுப்பையனின் சிநேகிதன், சென்னைக்காரன், எட்டு வருடம் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கியவன். அந்த அனுபவத்தில் பாதி வக்கீல் ஆகிவிட்டிருந்தான். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி முத்திரையைப் பார்த்தான்.

"டேய் சுப்பையா, ஒயிட்னர் மட்டும் போட்டுடாதே. அப்புறம் அதுவே தனி கேஸ் ஆயிடும். கண்மணி, நீங்க சொல்லுங்க. அங்க போய் எத்தனை பேருக்கு ஸ்டாம்ப் பண்ணீங்க?"

"நாப்பது பிள்ளைக. என்றதோட நாப்பத்தொண்ணு."

"அப்ப வேலை பாத்திருக்கீங்க. டூரிஸ்டா போய் வொர்க் பண்ணியிருக்கீங்க. சம்பளம் ஏதாவது வாங்கினீங்களா?"

"ஒரு முட்டாயி குடுத்தாங்க."

"சாப்ட்டீங்களா?"

"சாப்புட்டேனுங்."

வாஞ்சிநாதன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு சுப்பையனைப் பார்த்தான். "காம்பன்சேஷன்" என்றான். சுப்பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். கண்மணி தட்டில் போட்ட மூன்றாவது அடையை மட்டும் வாஞ்சிநாதன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை நிஜ வக்கீலுக்கு ஃபோன் போட்டார்கள். அவர் சிரித்துவிட்டு மூன்றே வாக்கியம் சொன்னார். எதையும் தொடாதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்லாதீர்கள். சுப்பையனுக்கு முதல் இரண்டிலும் சந்தேகம் இல்லை. மூன்றாவதை நினைத்தால்தான் பயம். கேட்காததைச் சொல்லாமல் கண்மணி ஒரு நாளும் இருந்ததில்லை.

நேர்காணலன்று காலை, இட்லிக்கு உட்காரும் முன், அவன் கையில் ஒரு பசைக் குச்சி இருந்தது. "ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒட்டீட்டா ஒண்ணும் தெரியாது, கண்மணி. தானா ஒட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கலாம். வக்கீலுக்கு என்ன, மணிக்கணக்குல பில்லு போடறவன். போறது நம்ம பொழப்புத்தான."

கண்மணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "இங்க பாருங்க. அந்த பாஸ்போர்ட்டுல இருக்கற எல்லா முத்திரையும் உங்க சம்சாரம்னு குத்துனது. போற எடமெல்லாம் உங்க பேரச் சொல்லித்தான் என்ன உள்ள உட்டாங்க. தப்புச் சொல்லலீங். ஆனா அது ஒண்ணுதான் நானா நடந்து போயி, என்ற கைல குத்துனது. கிரீன் கார்டு எனக்கும் வேணும், உங்களவிட எனக்குத்தான் நொம்ப வேணும். ஆனா அத ஒட்டித்தான் இது வரோணும்னா, எனக்கு வேண்டாமுங்."

இதைச் சொல்லிவிட்டு அவனைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். கொலைக்களத்துக் குடியானவன் முறைத்த மாதிரிதான். சுப்பையன் சாய்ந்தான். பசைக் குச்சி மேசை இழுப்பறைக்குள் போனது.

குடியேற்ற அலுவலகத்து அறை சின்னது. அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மூக்கு நுனியில் கண்ணாடி, இடது கையில் காப்பிக் கோப்பை. சத்தியம் வாங்கினார். சுப்பையனை நாலே கேள்வி கேட்டார். பதினாலு வண்ண அட்டைகளில் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. பிறகு பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். மெல்லிய தாள் நழுவி மேசையில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கண்மணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

பதினேழாம் பக்கத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைச் சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்திப் பார்த்தார்.

"இது எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாடு இல்லை சார், கோட்டை" என்று கண்மணியும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் கோபியில் முளைத்து பிளசன்டனில் தழைத்த ஆங்கிலம், இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடாது.

"இதை யார் போட்டது?"

"நான்தான் சார். என்னிடம் வேறு நோட்டு இல்லை."

சுப்பையன் கண்ணை மூடிக்கொண்டான். அதிகாரி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கடவுச்சீட்டு அரசாங்கத்துச் சொத்து, அதில் அதிகாரிகளைத் தவிர யாரும் எதுவும் போடக் கூடாது, இது உங்களுக்குத் தெரியுமா என்றார். இப்போது தெரியும் சார் என்றாள் கண்மணி. பிறகு ஏன் போட்டீர்கள் என்றார். அது கேட்ட கேள்விதான். வக்கீல் சொன்னபடி அதற்குப் பதில் சொல்லலாம். கண்மணி சொன்னாள். பிளாஸ்டிக் பையில் செருப்பு, அறுபத்தியோரு டிகிரி, ஒளித்துவைத்த அடுக்கு, நிலா அறை, கூரைக்கட்டை அம்மன், மஞ்சள் தொப்பிகள் நாற்பது, மீசை, மிட்டாய். மிட்டாய் வந்தபோது சுப்பையன் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்கே போய்வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று போட்டீர்கள். சரி. யாரிடம் காட்டுவதற்கு?"

கேட்காததற்கெல்லாம் பதில் வைத்திருப்பவளுக்குக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. சுப்பையன் திரும்பிப் பார்த்தான். ஏழு வருடத்தில் அவள் இப்படித் திகைத்து அவன் பார்த்ததில்லை.

"எனக்குத்தான் சார்" என்றாள் கடைசியில். "நான் தபால் ஆபீசில் இருந்தவள். இங்கே ஏழு வருடமாகச் சும்மா இருக்கிறேன். நான் எங்கேயாவது போனேன் என்று எனக்கே ஒரு முத்திரை வேண்டியிருந்தது."

அதிகாரி கோட்டையை இன்னொரு தரம் பார்த்தார். இனி இப்படிச் செய்யாதீர்கள் என்றார். சொல்லிவிட்டு சுப்பையனின் பாஸ்போர்ட்டை இழுத்து ஒரு முத்திரை குத்தினார். பேச்சில்லை, வாழ்த்தில்லை, டொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சுப்பையனுக்கு அது என்ன முத்திரை என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. நிரந்தரமாகத் தங்கலாம் என்கிற முத்திரை.

அடுத்து கண்மணியுடையது. காலிப் பக்கம் தேடினார். இருந்தது கோட்டைக்கு எதிர்ப்பக்கம்தான். இடது கை திரும்பவும் காப்பிக் கோப்பைக்குப் போக, வலது கையால் முத்திரையை எடுத்துப் போகிற போக்கில் குத்தப்போனார்.

"சார், ஒன் மினிட்" என்றாள் கண்மணி.

சுப்பையன் மேசைக்கு அடியில் அவள் காலைத் தேடினான்.

"டூ டைம்ஸ் இங்க் ப்ளீஸ். சென்டர் ஃபர்ஸ்ட். தென் ஃபோர் கார்னர்ஸ். லிஃப்ட் ஸ்ட்ரெய்ட்."

அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். மைப்பெட்டியில் இரண்டு தரம் ஒற்றினார். நடுவில் குத்தினார், நாலு மூலையும் ஒவ்வொன்றாக அமுத்தினார், நேராகத் தூக்கினார். மேசைக்கு அடியில், மடிமேல் இருந்த கண்மணியின் வலது கையும் கூடவே அமுத்தித் தூக்கியது. அச்சு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விழுந்திருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "குட் ஒன் சார்" என்றாள்.

வெளியே நடைபாதையில் வந்து சுப்பையன் சுவரோடு சாய்ந்து நின்றான். சிரிப்பு வந்தது. "இனி நீ வேலைக்குப் போலாம், கண்மணி. அந்த பாரத்த நாளைக்கே போட்டுரலாம்."

"இன்னிக்கேங்க. நெரப்ப வேண்டியது அந்தக் கட்டம் ஒண்ணுதான" என்றாள். பாரம் கைப்பையிலேயே இருந்தது.

"செரி, செரி. மொதல்ல அத மூடு. மை காயலீன்னா அழிஞ்சு கிழிஞ்சு போயிரும். அந்தத் தாள கிரீன் கார்டு முத்திரை மேல வெச்சு மூடு."

கண்மணி பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்தாள். ஈரமாயிருந்த பக்கத்தை ஒரே ஒரு தரம் ஊதினாள். பிறகு கையிலிருந்த மெல்லிய தாளை எதிர்ப்பக்கத்துக் கோட்டையின் மேல் பரப்பி, நாலு மூலையும் விரலால் அமுத்திவிட்டு, பாஸ்போர்ட்டை மூடினாள்.